இரண்டாவது தோட்டா

"ஒண்ணு வெடிக்கு அண்ணாச்சி. ரெண்டாவது ஏற மாட்டேங்கு."

புதுக் காவல்காரன் செல்லப்பாண்டி பண்டகசாலை வாசலில் நின்று இதைச் சொன்னபோது, சுவருக்கு அந்தப் பக்கம் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த சீனித்தாயின் கை அப்படியே நின்றுவிட்டது. முள்ளக்காட்டு உப்பளத்தில் விடியக்காலம் நரி வந்ததாம். விரட்டுவதற்கு முதலாளியின் பிஸ்டலை எடுத்துச் சுட்டானாம். ஒரு வெடி வெடித்தது. அடுத்த வெடிக்கு என்ன அழுத்தியும் நகரவில்லை. பாதி உள்ளே, பாதி வெளியே என்று தோட்டா குறுக்கே நின்றுகொண்டதாம்.

"நீ சரியாப் பிடிச்சிருக்க மாட்ட" என்றார் முதலாளியான அவள் புருஷன் வன்னியபெருமாள்.

"போலீஸ்ல இருந்தவன் அண்ணாச்சி நான். பிடிக்கத் தெரியாதா?"

சீனித்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். இதே பேச்சை அவள் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறாள். அன்றைக்குச் சொன்னவன் அவளுடைய தம்பி மந்திரமூர்த்தி. அவனை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அவளும் நம்பவில்லை.

பர்மா அரிசி நின்றுபோய், அரிசி அரிசி என்று ஊரே பறந்துகொண்டிருந்த வருஷம் அது. உப்பளத்து ஆட்களுக்குக் கூலியோடு அரிசியும் கொடுத்தால்தான் வேலைக்கு வருவார்கள். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வண்டிக்காரர் ராமர் மாட்டுவண்டியை ஓட்டினார். பக்கத்தில் காவலுக்கு மந்திரமூர்த்தி, மடியில் அத்தானின் பிஸ்டல். போகிற வழியில் உடைமரக் காட்டுக்குள்ளிருந்து அரிவாளோடு ஆட்கள் வந்து வளைத்துக்கொண்டார்கள். மந்திரமூர்த்தி வானத்தைப் பார்த்து ஒன்று சுட்டான். வந்தவர்கள் பயந்து பதுங்கினார்கள். இரண்டாவது வெடி கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்களாம். மாட்டுக் கயிற்றை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்த ராமரின் இடது கையில் அரிவாள் விழுந்தது. இன்றைக்கு அந்தக் கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்.

மந்திரமூர்த்தியின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அவன் செய்த குற்றம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. நாலு வெட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தால் அவனை மாலை போட்டுக் கூட்டி வந்திருப்பார்கள்.

"ஒண்ணு வெடிச்சுது அத்தான். ரெண்டாவது ஏறல. வெடிச்ச தோட்டாவோட கூடு உள்ளயே சிக்கிக்கிட்டு. அவனுவ போன பொறவு குச்சிய விட்டுத் தள்ளி எடுத்தேன். அங்கன மணல்லதான் கெடக்கும், வந்து பாருங்க" என்று கெஞ்சினான். யார் போய்ப் பார்ப்பது? வன்னியபெருமாள் எல்லார் முன்னாலும் அதைச் சோதித்துக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தார். வீட்டு முற்றத்தில் ஒரு பனந்துண்டை நிறுத்தினார்கள். பஜார் ஆட்கள், வண்டிக்காரர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று முற்றம் நிறைந்துவிட்டது. யுத்த காலம். தோட்டாவுக்கு ஏக கிராக்கி. ஒன்றே ஒன்றைப் போட்டுச் சுட்டார். டமார் என்று வெடித்தது. பனந்துண்டில் ஓட்டை விழுந்தது.

"எங்க கொறை? நல்லாத்தானே வெடிக்கு" என்று சுற்றிலும் பார்த்தார்.

எல்லாரும் சீனித்தாயைப் பார்த்தார்கள். தவழ்கிற வயதில் தாயை இழந்தவன் மந்திரமூர்த்தி. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவள் கல்யாணமாகி வந்தபோது சீதனத்தோடு சீதனமாக அவனும் வந்தான் என்று ஊர் கேலி பேசும். அவமானம் அவளுக்குத் தலைக்கு ஏறியது. புருஷன் வீட்டு மானத்தைப் பிறந்த வீட்டுப் பயல் கெடுத்துவிட்டானே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

"பிஸ்டல் வெடிக்குலே" என்றாள். "ஒங் கைதாம்லே வெடிக்கல."

பஜாருக்கு இது போதாதா? மறுநாளே சொல் தெருவில் இறங்கிவிட்டது. சாக்கு முடிச்சை அவிழ்க்கத் திணறுகிறவனைப் பார்த்து, "என்னடே, கை வெடிக்கலியோ?" என்றார்கள். கடைச் சாவி திரும்பாவிட்டாலும் அதே கேலி. மந்திரமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு அத்தானின் பண்டகசாலையில் தராசுப் பக்கத்திலேயே நின்றான். வேலையை விட்டு ஓடவில்லை. அக்காள் வீடாயிற்றே.

ஓட வைத்தது அவள்தான். அந்த ஆவணியில் மகள் செல்லக்கனிக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் காது குத்துவது. மந்திரமூர்த்தி எங்கே கடன் வாங்கினானோ, சிவப்புக்கல் கம்மலும் பட்டுப்பாவாடையும் தேங்காய் பழமுமாகத் தாம்பாளம் கொண்டுவந்து வைத்தான். சபைக்கு நடுவே போட்ட ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்துக் காத்திருந்தான். சீனித்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் அவனைத் தாண்டிப் போய், புருஷனின் பெரியப்பா மகன் சிவசுப்பிரமணியன் மடியில் உட்காரவைத்தாள். ஆசாரி ஊசியை எடுக்கத் தயங்கினார். "குத்துங்க" என்றாள் அவள்.

மந்திரமூர்த்தி மடித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். தாம்பாளத்தை எடுக்கவில்லை. மறு வாரம் பெண்டாட்டி முத்துக்கனியோடு புன்னைக்காயலுக்குப் போய் ஒரு சின்ன மளிகைக்கடை போட்டுவிட்டான் என்று காதில் விழுந்தது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

மூன்று வருஷம் கழித்து இப்போது செல்லப்பாண்டி வந்து அதே சொல்லைச் சொல்லுகிறான். அவன் வைப்பாற்றுப் பக்கத்து ஆள். அவனுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது.

ஆயுத பூசை நெருங்கிக்கொண்டிருந்தது. பூசைக்கு முன்னால் பிஸ்டலைச் சரி பண்ணிவிட வேண்டும் என்று வன்னியபெருமாள் சாயர்புரத்து வில்பிரட்டுக்கு ஆள் அனுப்பினார். வில்பிரட் பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கிற பட்டறையில் இருந்தவன். காலில் அடிபட்டுப் பாதியிலேயே திரும்பிவிட்டான். அவன் வாய்க்கு மட்டும் அடிபடவே இல்லை. வந்து உட்கார்ந்த உடனே கருப்பட்டிக் காப்பி கேட்டான். தான் கை வைக்காவிட்டால் வெள்ளைக்காரன் எகிப்தைக் கோட்டை விட்டிருப்பான் என்கிற மாதிரி ஒரு கதையும் சொன்னான். வன்னியபெருமாள் பிஸ்டலை வீட்டைவிட்டு வெளியே அனுப்பச் சம்மதிக்காததால், முன்கூடத்தில் வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேலேயே வேலை நடந்தது. சீனித்தாய் காப்பியைக் கொடுத்துவிட்டு நிலைப்படியில் நின்றுகொண்டாள். வேலை எதுவும் அவளுக்கு ஓடவில்லை.

"நல்ல சாமான் அண்ணாச்சி. பெல்ஜியம். எங்க அப்பாவுக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முந்தி செஞ்சது" என்று வில்பிரட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்த மாதிரிச் சிக்கலுக்கு மூணு எடந்தான். தோட்டா கெட்டுருக்கணும். இல்ல, தோட்டா அடுக்குற இந்த மேகசின் கெட்டுருக்கணும். ரெண்டும் இல்லைன்னா உள்ள இருக்க கொக்கி."

முதலில் தோட்டாக்களைப் பார்த்தான். உப்புக் காற்றில் பித்தளை பச்சை பூத்திருந்தது. துடைத்து, ஒவ்வொன்றாகக் குழலுக்குள் போட்டுப் பார்த்தான். சுளுவாக விழுந்தன. பிறகு மேகசினைக் கழற்றி அதன் வாயை விரலால் தடவினான். இரண்டு உதடும் நெளியாமல் இருந்தன. உள்ளே இருந்த சுருள்கம்பியை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ஸ்பிரிங் செத்துப் போச்சு. இதான். பேசவே வேண்டாம். அடியிலேர்ந்து தோட்டாவத் தூக்கிக் குடுக்க இதுக்குத் தெம்பில்ல."

பையிலிருந்து வேறு ஒரு ஸ்பிரிங்கை எடுத்து வெட்டி மாட்டினான். மருந்து எடுத்த வெற்றுத் தோட்டாக்களை அடுக்கி, பிஸ்டலின் மேல்பாகத்தைக் கையால் இழுத்து விட்டான். ஒன்று உள்ளே போனது. மறுபடி இழுத்தான். உள்ளே போனது வெளியே வரவில்லை. அடுத்தது அதன் முதுகில் முட்டிக்கொண்டு குறுக்கே நின்றது.

செல்லப்பாண்டி சொன்னதும் இதுதான். அவனுக்கு முன்னால் மந்திரமூர்த்தி சொன்னதும் இதுதான்.

"சரி, வில்பிரட்டும் மனுசந்தானே" என்று சிரித்துக்கொண்டு அவன் எல்லாவற்றையும் மறுபடி பிரித்தான். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, ஊசியால் கொக்கிக்குப் பின்னால் குத்தினான். ஊசி இறங்கவில்லை. சுரண்டச் சுரண்ட மஞ்சளும் கறுப்புமாக என்னவோ பொடியாக உதிர்ந்து வேட்டியில் விழுந்தது. ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தான்.

"என்னதுன்னு தெரியலியே. சுண்ணாம்பும் இல்ல, துருவும் இல்ல. யக்கா, கொஞ்சம் வெந்நி கொண்டாங்க."

அவள் செம்பில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். கட்டியை அதில் போட்டான். கொஞ்ச நேரத்தில் அது கரைந்தது. ஆவியோடு மணம் எழுந்தது. சந்தன மணம், காறிப்போன தேங்காய் எண்ணெய் வீச்சத்தோடு. கூடம் முழுக்க அந்த மணம் பரவியது. வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் கையால் அரைத்த சந்தனம்.

ஆயுத பூசைக்குத் தராசு, படிக்கல், இரும்புப் பெட்டி, சாவிக்கொத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கடைசியில் பிஸ்டலுக்கு வருவாள். அவளுக்குத் தாராளமான கை. மணம் தெருமுனை வரைக்கும் போகவேண்டும். பிஸ்டலின் பக்கவாட்டில் சின்ன ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு உண்டு. வெடித்த கூடு வெளியே விழுகிற வழி அது. அவளுக்கு அது என்ன தெரியும்? அதைப் பிஸ்டலின் கண் என்று நினைத்திருந்தாள். கண் திறந்திருக்கிற சாமானுக்குக் கண்ணை ஒட்டிப் பொட்டு வைப்பதுதானே முறை என்று அங்கே மட்டும் ஒரு விரல் கூடுதலாக அப்புவாள். மறுநாள் ஈரத்துணியால் துடைத்து, துருப்பிடிக்கக் கூடாதே என்று தேங்காய் எண்ணெயும் விடுவாள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஒரு பூசை தவறியதில்லை.

வில்பிரட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இதுக்கு எவன் பொட்டு வச்சான்? மாப்பிள்ளையா இது? எங்க பட்டாளத்துல கூர்க்காக்காரன்கூட கத்திக்குப் பூச போடுவான் அண்ணாச்சி. உறைக்குள்ள போயி அப்பமாட்டான்." கொக்கியைக் காட்டி விளக்கவும் செய்தான். "பாத்தியளா, இந்தக் கொக்கி கொஞ்சம் வளைஞ்சு குடுத்தாத்தான் கூட்டோட விளிம்பப் பிடிக்கும். பின்னால அடைச்சுக்கிட்டா அசையாது. பிடிக்காது. வெடிச்ச கூடு குழலுக்குள்ளயே உக்காந்துக்கிடும். உள்ள ஒராளு இருக்கும்போது அடுத்த ஆளு எங்கன ஏறுவான்?"

"ஆனா ஒருக்க வெடிக்குல்லா?" என்று சீனித்தாய் கேட்டாள்.

"மொதல்ல கையாலதானே ஏத்துறோம். அதனால ஒண்ணு எப்பவும் வெடிக்கும் யக்கா. ஒத்தத் தோட்டாவப் போட்டுச் சுட்டுப் பாத்தா ஒரு கொறையும் தெரியாது. கூடு வெளிய விழாது, அவ்வளவுதான். யாராச்சும் குழல் வழியா கம்பிய விட்டுத் தள்ளித்தான் எடுத்திருக்கணும். ஒங்க வீட்டுல யாரும் தள்ளலியா?"

அவன் வாயாடி. ஏதோ பேச்சுவாக்கில் கேட்டான். வன்னியபெருமாள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாக்கைத் தேட ஆரம்பித்தார்.

சீனித்தாய் தேடவேண்டியதே இல்லை. முற்றத்தில் சுட்டுக் காட்டிய அன்று சாயங்காலம், கூட்டமெல்லாம் போன பிறகு, அவர் இதே கூடத்தில் பிஸ்டலோடு உட்கார்ந்திருந்தார். "ஏளா, வெளக்குத் தூண்டுற கம்பிய எடு" என்றார். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். குழலுக்குள் விட்டுக் குத்தினார். பித்தளைக் கூடு டக்கென்று பாயில் விழுந்து உருண்டது. செல்லக்கனி கையை நீட்டினாள். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை இன்றுவரைக்கும் அதைச் சோழிகளோடு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறது. வாயில் வைத்து ஊதினால் நல்ல சத்தம் வரும்.

கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது, குச்சியை விட்டுத் தள்ளினேன் என்று தம்பி காலையில் சொன்னான். சாயங்காலம் கூடு உள்ளேயே சிக்கியிருந்தது, கம்பியை விட்டுத் தள்ளினார்கள். கண்ணுக்கு முன்னால் நடந்தது. அதற்குப் பிறகுதான் காதுகுத்து.

வில்பிரட் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, துப்பாக்கிக்குரிய எண்ணெயில் ஒரு சொட்டு விட்டுப் பூட்டினான். வெற்றுத் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளித் துள்ளி வெளியே விழுந்தன. வன்னியபெருமாள் அவனை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். "ஏதோ தேஞ்சு போச்சுன்னு வச்சுக்கிடுவோம் வில்பிரட்டு. பொட்டுக் கதைய வெளிய பேசிக்கிட்டுத் திரியாத" என்று அவர் தணிந்த குரலில் சொன்னது அவளுக்குக் கேட்டது.

திரும்பி வந்தவரிடம் அவள் கேட்டாள்: "ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும், என்ன?"

"தெரியும்னு இல்ல. ஒரு மாதிரி தோணிச்சு. ஊரக் கூட்டி வச்சுச் சொல்லியாச்சு. சாயங்காலமே மாத்திச் சொல்ல முடியுமா? நம்மள எவன் மதிப்பான்?"

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாமே."

"கம்பிய எடுத்துக் குடுத்தவளே நீதானே" என்றார் அவர்.

புருஷன் மேல் பழியைப் போட்டுவிட்டு அழலாம் என்று ஒரு நொடி இருந்த ஆறுதலும் போய்விட்டது. பொட்டு வைத்தவள் அவள். கம்பி கொடுத்தவள் அவள். கூட்டை எடுத்துப் பிள்ளைக்கு விளையாடக் கொடுத்தவளும் அவள். மானம் போனது மானம் போனது என்று அன்றைக்கு எரிந்தாளே, மானம் போகிறது என்றால் எப்படியிருக்கும் என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வெட்கத்தில் காது மடல் சுட்டது. பூசை வரைக்கும் அவள் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

பூசையன்று முற்றம் நிறைய ஆட்கள். உப்பளத்து ஆட்கள், தோணியில் மூட்டை ஏற்றுகிறவர்கள், வண்டிக்காரர்கள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள். ராமரும் வந்திருந்தார். வண்டி ஓட்ட முடியாமல் போன பிறகு பண்டகசாலையில் சாக்கு எண்ணுகிற வேலை அவருக்கு. பொரியும் கடலையும் வாங்கத் துண்டை விரித்தபோது ஒரு முனையை நல்ல கையாலும் இன்னொரு முனையைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கியும் பிடித்துக்கொண்டார். சீனித்தாய் ஒவ்வொரு வருஷமும் அந்தத் துண்டில் பொரி போட்டிருக்கிறாள். தம்பியால் வந்தது என்று ஒரு கை கூடுதலாகவே போட்டிருக்கிறாள். தயவாம்.

தராசுக்குப் பொட்டு வைத்தாயிற்று. பெட்டிக்கு வைத்தாயிற்று. வன்னியபெருமாள் பிஸ்டலைத் தட்டில் வைத்து நீட்டினார். "வெளியில மட்டும் தொட்டு வை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

அவள் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுக்கு நான் பொட்டு வைக்க மாட்டேன்" என்றாள். அவள் சத்தமாகப் பேசி ஊர் கேட்டது அந்தப் பனந்துண்டு நாளில்தான். அதனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் அப்புன சந்தனம் உள்ள போயி அடைச்சுத்தான் அன்னைக்கு ரெண்டாவது தோட்டா ஏறாமப் போச்சு. வில்பிரட்டு சொரண்டி எடுத்ததக் கண்ணால பாத்தேன். எந் தம்பி சொன்னது அம்புட்டும் நெசம். கையில கொறையில்ல. நான் பேசுனதுதான் தப்பு."

"உள்ள போ" என்றார் வன்னியபெருமாள்.

"போறேன். சொல்லிட்டுப் போறேன். ராமரண்ணே, ஒங்க கை போனது என்னாலதான்."

ராமர் கோபப்படுவார், திட்டுவார், துண்டிலிருக்கிற பொரியை வாசலில் கொட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் குழப்பத்தோடு அவளைப் பார்த்தார்.

"அப்பம் அவன் எதுக்குத் தாயி எங்கால்ல விழுந்தான்?"

"யாரு?"

"மந்திரந்தான். புன்னைக்காயலுக்குப் போறதுக்கு மொத நாளு வீட்டுக்கு வந்தான். பயந்துட்டேன், கை வரல, என்ன மன்னிச்சிரும்னு கால்ல விழுந்து அழுதான். நானும் மன்னிச்சேன்னு சொன்னேன்." அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "பிஸ்டல் ஏறலன்னா ஏறலன்னு சொல்ல வேண்டியதுதானே. எதுக்கு இல்லாதத ஒத்துக்கிட்டான்?"

மறுநாள் காலையில் புருஷனிடம் கேட்காமலே செல்லக்கனியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அவரும் தடுக்கவில்லை. முதல் நாளிலிருந்தே அவர் பண்டகசாலைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். ஆத்தூர் வரைக்கும் கரியில் ஓடுகிற பஸ். அங்கிருந்து வண்டி. புன்னைக்காயலில் கோயில் பக்கம் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டதும், "மந்திரண்ணன் கடையா?" என்று வழி காட்டினார்கள்.

கடை என்பது ஓலைச் சாய்ப்புக்குக் கீழே நாலு டின்னும் ஒரு தராசும். மந்திரமூர்த்தி ஒரு மீனவப் பெண்ணுக்குக் கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்து அக்காளைப் பார்த்தான். ஆனாலும் முள் நடுவுக்கு வரும்வரை பொறுத்து, நிறுத்துக் கொடுத்து, "பொறவு தா பிலோமி" என்று அந்தப் பெண்ணை அனுப்பிய பிறகுதான் வெளியே வந்தான். இளைத்திருந்தான்.

"வாக்கா" என்றான். பிள்ளையைப் பார்த்தான். பிள்ளையின் காதில் அவன் தாம்பாளத்தில் வைத்துவிட்டு வந்த சிவப்புக்கல் கம்மல்தான் கிடந்தது. "கம்மல் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முத்துக்கனி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பிள்ளை கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சீனித்தாய் எல்லாவற்றையும் சொன்னாள். செல்லப்பாண்டி, வில்பிரட், வெந்நீர், சந்தனம், விளக்குக் கம்பி. முற்றத்தில் எல்லார் முன்னாலும் சொன்னதையும் சொன்னாள். செல்லக்கனி சோழிப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த பித்தளைக் கூட்டை நீட்டினாள். மந்திரமூர்த்தி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோபப்படுகிற மாதிரித் தெரியவில்லை. சந்தோஷப்படுகிற மாதிரியும் தெரியவில்லை.

"அப்பம் நெசமாவே ஏறலியாக்கா?" என்று கேட்டான்.

"என்னலே இப்படிக் கேக்க? நீதானே சொன்ன, ரெண்டாவது ஏறலன்னு."

"சொன்னேன்."

"பொறவு எதுக்கு ராமர் கால்ல போயி பயந்துட்டேன்னு விழுந்த?"

அவன் கூட்டைப் பிள்ளை கையில் திருப்பிக் கொடுத்தான். வலது கையை விரித்து, மூடி, மறுபடி விரித்துப் பார்த்தான்.

"கூடு சிக்குனத நான் பாத்தேன்க்கா. குச்சிய விட்டுத் தள்ளுனதும் நல்லா ஞாவகம் இருக்கு. ஆனா முத்தத்துல நீ சொன்னேல்லா, ஒங் கைதாம்லே வெடிக்கலன்னு. ஊரு சொன்னா சொல்லிட்டுப் போவுதுன்னு விட்டுருப்பேன். நீ சொன்ன. அக்கா பொய் சொல்ல மாட்டால்லா. அப்பம் நான்தான் பயத்துல தப்பாப் பாத்திருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன். எங் கண்ண நம்பல. ஒன்னத்தான் நம்புனேன்."

சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, "வெயில்ல நிக்கியே, உள்ள வா" என்றான்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தாள். சாய்ப்புக்குக் கீழே கிடந்த சாக்கில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். செல்லக்கனி கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தது. பிறகு மாமனிடம் போய், மடியில் ஏறிக்கொள்ள அவன் உட்காரட்டும் என்று காத்து நின்றது. அவன் உட்காரவில்லை. அடுத்து ஒருத்தி எண்ணெய்க்குச் சிரட்டையோடு வந்துவிட்டாள். அவன் தராசுப் பக்கம் போனான்.